காலையில் வரும் தலைவலி

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் தலைவலியைப் பற்றிச் சில நிமிடம் பேசுகிறேன். மேல்மாடியில் இருக்கும் தாய்மார்களும் கவனியுங்கள். காலையில் பிள்ளையைப் பார்ப்பது நீங்கள்தான்.

முதலில், பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் தலைவலி பெரும்பாலும் ஜலதோஷம், காய்ச்சல், தூக்கக் குறைவு, பட்டினி, ஒற்றைத் தலைவலி இவற்றால் வருவது. மிகச் சிலருக்கே மூளையில் கட்டியோ நீர்த்தேக்கமோ இருக்கும். அந்தச் சிலரைக் கண்டுகொள்ள, வலி எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பையன் சுபுஹு நேரத்தில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்கிறான், வாந்தி எடுக்கிறான். பத்து மணிக்குத் தெருவில் விளையாடுகிறான். மறுநாளும் அப்படியே. மக்தபுக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று வாப்பா ஏசுவார். உம்மா, கேஸ்டிரிக் என்று மருந்துக்கடையில் சிரப் வாங்குவார். வாரங்கள் ஓடிவிடும். இரவெல்லாம் படுத்திருக்கையில் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது, எழுந்து நடமாடினால் குறைகிறது. அவன் நடிக்கவில்லை.

வலியால் தூக்கம் கலைவது, புதிதாக மாறுகண், பொருள் இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், தலையை ஒரு பக்கமே சாய்த்து வைப்பது, குணம் மாறுவது, நன்றாக ஓதிய பிள்ளை பின்தங்குவது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். உஸ்தாதுமார்களும் கவனித்துச் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. தலை வேகமாகப் பெருத்தால் அதுவே அடையாளம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளை சுயநினைவு தடுமாறினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

ஓதி ஊதுங்கள், துஆ செய்யுங்கள். நானும் செய்பவன்தான். ஆனால் கண்ணேறு என்று ஊர் ஊராக அலைவது வேறு. வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தானே?

டாக்டரிடம் வெறுமனே தலைவலி என்று சொல்லாதீர்கள். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், வாந்தியோடா என்று எழுதிக்கொண்டு போங்கள். கண்ணுக்குள் பார்த்து நரம்பு வீங்கியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. கார்டு எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்குப் பின் நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.