சன்னலும் காலதரும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காலையில் எழும் தமிழன் சன்னலைத் திறக்கிறான், சாவியைத் தேடுகிறான், அலமாரியினின்று துவாலையை எடுக்கிறான். குளிக்கப் போவதற்குள் நான்கு போர்த்துக்கீசியச் சொற்களைச் சொல்லிவிடுகிறான்! ஆங்கிலம் கலவாது பேசியதாக அவன் பெருமை கொள்வதுதான் நகைப்பிற்குரியது.

1498-இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தான். அவன்வழி வந்தோர் இங்கே மாங்கனியைக் கண்டனர், வெற்றிலையைக் கண்டனர். இரண்டும் அவர்தம் நாட்டில் இல்லாதவை. ஆகவே சேரக்கரையில் கேட்ட பெயர்களையே 'மங்கா' என்றும் 'பெத்தல்' என்றும் தம் நாவிற்கேற்பத் திரித்துக்கொண்டனர். இல்லாத பொருளுக்குப் பெயர் வாங்கினர், அதில் இழுக்கில்லை.

தமிழன் வாங்கியது என்ன? சன்னல்! அவன் வீட்டிற்குள் காற்று நுழைய வழியே இல்லாதிருந்ததோ? கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். புகார் மாளிகைகளில் மானின் கண்போல் அமைந்த காலதர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. பல கண்கள் உடையதாய் அமைந்தது பலகணி. போர்த்துக்கீசியரின் 'சனேலா'வோ வாயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. சிறுவாயில் என்பதே அதன் பொருள். காற்றும் அதில் இல்லை, கண்ணும் இல்லை. ஆங்கிலேயர் கூறும் 'விண்டோ', பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லின் திரிபு. தமிழ்த் தச்சன் எண்ணியதை வடகடல் மாந்தரும் எண்ணியிருக்கின்றனர்!

மேசை அவர்களோடு வந்த பொருள், பெயரும் உடன்வந்தது என்பார் உளர். அவ்வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். சாவி அத்தகையதன்று. குறளிலேயே தாழ் இருக்கிறது. பூட்டும் தமிழனுக்குப் புதிதன்று. திறவுகோல் மட்டும் எங்கே தொலைந்தது?

"திறவுகோல் நீளமான சொல், பேச்சுக்கு ஒத்துவராது" என்று கைவிரிப்பார்க்கு ஈழம் விடை கூறும். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியரின் நேராட்சியில் இருந்தது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அவ்வாட்சியைக் கண்டதேயில்லை. ஆயினும் சாவி நிலைத்தது இங்கே! யாழ்ப்பாணத்துத் தாய் இன்றும் மகனிடம், "திறப்பை எடுத்துக்கொண்டு வா" என்றே சொல்கிறாள். திறப்பு, நான்கே எழுத்து. எந்தப் புலவரும் அவளுக்கு அதைக் கற்பிக்கவில்லை.

அவள் வீட்டிலும் சன்னல், 'யன்னல்' என உருமாறி நிற்பது உண்மையே. காலதர் அங்கும் வழக்கிழந்தது.