மரத்துப்போன பாதம்
(ஜெலுத்தோங்கில் நடந்த ஆலயக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமய மேடையில் இடுப்பெலும்பைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ண வேண்டாம். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தண்ணீர்மலையின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறுகிறவர்கள் நாம். காலைப் பற்றி இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

ஒரு நாள் காலையில் ஜெலுத்தோங் மார்க்கெட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா, "சிக்கு, செலிப்பார்!" என்று கூப்பிட்டார். திரும்பினால், என் இடது காற்செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றதே எனக்குத் தெரியவில்லை. அன்று வெட்கம்தான் வந்தது, பயம் வரவில்லை. பயந்திருக்க வேண்டும்.

வீட்டில் எல்லாரும் இனிப்புநீர் என்றார்கள். அப்படி நினைப்பதில் தவறில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்நோய் உண்டு. ஆனால் என் இரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. மருத்துவர் வேறொன்று கேட்டார்: "நடந்தால் மரத்து, உட்கார்ந்தால் தெளிகிறதா?" ஆம். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போவேன். அர்ச்சனை வரிசையில் நிமிர்ந்து நின்றால் பத்து நிமிடம் தாங்காது.

கோளாறு பாதத்தில் இல்லை, இடுப்பில். வயதாக ஆக முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வற்றுகின்றன. எலும்பின் ஓரங்கள் வளர்கின்றன. நரம்பு செல்லும் பாதை குறுகுகிறது. நிமிர்ந்தால் மேலும் நெருக்கும், குனிந்தால் சற்று விரியும். வெர்பீஸ்ட் என்ற டச்சு மருத்துவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். ஐந்தாம் இடுப்பு நரம்பு நெருக்கப்பட்டால் மேற்பாதமும் பெருவிரலும் மரக்கும். அதற்கடுத்த நரம்பானால் சுண்டுவிரல் பக்கம். இனிப்புநீர் மரப்போ பெரும்பாலும் இரண்டு கால்விரல்களிலும் தொடங்கி மேலேறும், உட்கார்ந்தாலும் விடாது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே எந்த விரல், எந்த நேரம் என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. தொடையிடுக்கும் ஆசனப் பகுதியும் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அறியாமல் பிரிந்தாலோ, அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாய்மார்கள் கூச்சத்தால் மறைக்கிறீர்கள். தாமதித்தால் அந்த நரம்புகள் திரும்பாமலே போகலாம்.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேறு கொடுக்கிறோம்! சூடு தெரியாத கால் வெந்துபோகும்.

எனக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. உடற்பயிற்சியால் நடை தேறியது. மரப்பு முழுதும் போகவில்லை. அடுத்து வந்த தைப்பூசத்தில் நான் படியேறவில்லை. பல ஆண்டு நேர்த்தி, மனம் கேட்கவில்லைதான். தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் ஊற்றினேன். இரவில் வீட்டுக்காரம்மா என் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறார், கீறல், கொப்புளம் உண்டா என்று. நாற்பது வருடம் என் காலைத் தொட்டு வணங்கியவர், இப்போது புரட்டிப் பார்த்துத் திட்டுகிறார்.