மானாவாரியில் அடுத்து என்ன விதைப்பது?



நம்மில் பலருக்குக் கரிசல் நிலம் உண்டு, கிணறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வருடம் முழுதும் அடுப்பு எரிகிறது. ஆகவே என்ன விதைப்பது என்பது குடும்பமே உட்கார்ந்து பேசவேண்டிய காரியம்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த காடுகளில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம். விலை கிடைத்தது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தபோது, மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியவருக்குக் கைகொடுக்க வேறு வெள்ளாமை இல்லை.

ஒரே தானியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் தழைச்சத்து வற்றும், பூச்சி பெருகும். சோளக்காட்டில் சுடுமல்லிக் களை வேரில் ஒட்டி உறிஞ்சும். அதன் விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும்.

நிலத்தை மூன்று பங்காக்குங்கள். ஒன்றில் சோளம் அல்லது கம்பு, ஒன்றில் பருத்தி, ஒன்றில் உளுந்து அல்லது பாசிப்பயறு. அடுத்த வருடம் பயறு இருந்த இடத்தில் தானியம், தானியம் இருந்த இடத்தில் பருத்தி, பருத்தி இருந்த இடத்தில் பயறு என மாற்றுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பயற்றின் வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். பின்னால் வரும் தானியத்துக்கு அது உதவும். பயற்றை வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுங்கள். பருத்தி வேர் சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும், ஆனால் ஒட்டவிடாது. முளைத்தது பட்டினியில் சாகும். தானியத்தின் சல்லிவேர் எட்டாத ஆழத்து ஈரத்தையும் பருத்தியின் ஆணிவேர் எடுத்துக்கொள்ளும்.

மழை பிந்தினால் வரிசையைப் பிடித்துத் தொங்கவேண்டாம். பருத்திக்கு நாள் போதாது. 65, 70 நாளில் வீட்டுக்கு வரும் உளுந்து, பாசிப்பயற்றைப் போடுங்கள். இன்னும் பிந்தினால் மல்லி விதைக்கலாம்.

நிலத்தைக் குத்தகைக்கு விடும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருடக் குத்தகைக்காரர், அடுத்து வருபவருக்காகப் பயறு போட்டு மண்ணை வளர்க்கமாட்டார். கிடைத்ததை எடுக்கத்தான் பார்ப்பார். மூன்று வருடத்துக்குப் பேசிக் கொடுங்கள். அவர் குடும்பமும் பிழைக்கும், உங்கள் மண்ணும் பிழைக்கும், இன்ஷா அல்லாஹ்.