40 வாட்ஸை நம்பி மேடை ஏறினேன்

ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மாடி ரூம்லதான் எங்க பேண்ட் பிராக்டீஸ். ரெண்டு வருஷம் சேத்த காசுல ஒரு பேஸ் ஆம்ப் வாங்கினேன். 40 வாட்ஸ், 8 இன்ச் ஸ்பீக்கர். ரூம்ல தனியா வாசிச்சா ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்படி ஒரு பெருமை எனக்கு!

முதல் கல்யாணக் கச்சேரி, அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மண்டபம். டிரம்ஸ் ஆரம்பிச்சதும் என் பேஸ் காணாமப் போச்சு. வால்யூமைத் திருகினேன். சத்தம் கூடல, கரகரப்புதான் கூடுச்சு. மூணாவது பாட்டுலயே கீபோர்டு அண்ணன் இடது கையால பேஸ் லைனை வாசிக்க ஆரம்பிச்சிட்டார். பாட்டு ஓடணுமே, அவரைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா இடைவேளையில, “தம்பி, அடுத்த கச்சேரிக்கு நானே பாத்துக்கட்டுமா?”ன்னு கேட்டார் பாருங்க, அதுதான் வலிச்சது.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். பேஸ்ல தடிமனான ஈ கம்பியோட ஒலி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நம்ம காது கொஞ்சம் மந்தம். கேக்க வைக்கணும்னா ஸ்பீக்கர் நிறைய காத்தைத் தள்ளணும், 8 இன்ச் எங்கே தள்ளும்? வாட்ஸை ரெட்டிப்பாக்கினாலும் கூடுறது வெறும் 3 டெசிபல். 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ், அதுக்கு 10 இன்ச் ஸ்பீக்கர் எட்டு. சும்மாவா அப்படி செஞ்சாங்க!

புதுசு வாங்கக் காசில்ல. அடுத்த கச்சேரியில சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட கெஞ்சி, டிஐ பாக்ஸ் வழியா பேஸை நேரா மிக்ஸருக்குக் குடுத்தேன். மண்டபத்து சப்வூஃபர்ல என் பேஸ் வந்துச்சு. என் ஆம்ப் எனக்கு மட்டும் கேக்குற மானிட்டர் ஆயிடுச்சு. திரும்பிப் பாத்தேன், கீபோர்டு அண்ணனோட இடது கை தொடைமேல தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு.