சோதனைக்குத் தப்பிய பொன்

ராபர்ட்சன்பேட்டையை அடுத்த கோலார் தங்கச் சுரங்கங்களை 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் ஏற்றனர். 2001இல் அவை மூடப்பட்டன. நம்மவர் தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்தனர். பொன் களவு போகாதிருக்க, வெளிவருவோரைக் காவலர் சோதிப்பதுண்டு. சோதனைக்குத் தப்பியவன் குற்றத்திற்கும் தப்பியவன் ஆவானோ?

யோசுவாவின் புத்தகத்தில் வரும் ஆகான், விலக்கப்பட்டதென்று அறிந்தே பொன்பாளத்தை எடுத்துக் கூடாரத்துள் புதைத்தான். அறியாமல் இடறுதல் வேறு. அறிந்து துணிதல் வேறு. ‘பிறகு மன்னிப்புக் கேட்கலாம்’ என்று எண்ணிப் பாவஞ் செய்வோமாயின், இறைவன் அருளையே களவுக்குத் துணையாக்குகிறோம்.

ஆகான் பிடிபட்ட பின்பே அறிக்கையிட்டான். சகேயுவையோ எவரும் சோதிக்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்புவதாகத் தானே முன்வந்து சொன்னான். மெய்யான மனந்திரும்புதல் இதுவே.

இன்று தங்கவயலிலிருந்து பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். நாமும் ஊரார் கண் எட்டாத தொலைவில் பிறர் பணத்தையும் பொருளையும் கையாள்கிறோம். கணக்குக் கேட்பவர் அங்கும் உடனிருக்கிறார். பிறர் பொருள் நம்மிடம் இருப்பின், கேட்குமுன்னே உரியவரிடம் சேர்ப்போமாக!