பக்கத்து ஆத்தில் சமையல் கூடம்

(மாட்டுங்காவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"குடியிருப்புத் தெருவில் வியாபாரம் வந்தால் நம் உரிமை என்ன?" என்று பேசச் சொல்லிக் காரியதரிசி கேட்டுக்கொண்டார். வக்கீலைக் கூப்பிட வேண்டிய விஷயத்துக்கு ரிடையரான பாங்க் குமாஸ்தாவைக் கூப்பிட்டதற்குக் காரணம், எனக்கு அப்படி ஒன்று நடந்தது என்று அவருக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று முழுக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ!

பண்டார்கர் ரோடுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், தரைத்தளத்தில், நாங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். அடுத்த கட்டடத்தின் தரைத்தளம் ஒரு டாக்டருடையது. அவர் காலமானார். பிள்ளை அமெரிக்காவோடு போய்விட்டான். இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவு 2016 மாசி மாதம் ஒருநாள் திறந்தது. கொத்தனார்கள் வந்து அளந்தார்கள். அன்று சாயங்காலமே, நமக்கெல்லாம் தெரிந்த மனிதர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பெயர் சொல்லப் போவதில்லை. பாலக்காட்டுப் பக்கத்துச் சமையல்காரர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பெண் கல்யாணம், என் ஷஷ்டியப்தபூர்த்தி, அம்மாவின் பதின்மூன்று நாள் காரியம் எல்லாம் அவர் கை. 2011-ல் என் மனைவி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினம் ஒரு தூக்கில் ரசமும், இன்னொன்றில் குழைந்த சாதமுமாக அனுப்பிவிட்டுக் கடைசியில் பணம் வாங்க மறுத்தவர். தேங்காய், வெற்றிலை பாக்கோடு வந்து சொன்னார்:

"அண்ணா, டாக்டர் மாமா ஆத்தை வாடகைக்கு எடுத்திருக்கேன். வயசாறது, இனிமே ஊர் ஊரா அலைய முடியல. இங்கேயே சமைச்சு இங்கேர்ந்தே அனுப்பிடலாம்னு இருக்கேன். நீங்களும் மன்னியும் ஆசீர்வாதம் பண்ணணும்."

இரண்டு பேரையும் நிற்கவைத்து நமஸ்காரம் பண்ணினார். "பேஷாப் பண்ணுங்கோ, க்ஷேமமா இருங்கோ" என்றேன்.

நான்காவது நாள் எங்கள் ஸொஸைட்டி செக்ரெடரி ஒரு கடிதத்தோடு வந்தார். வார்டு அலுவலகத்துக்கு ஆட்சேபணை. குடியிருப்பின் தன்மை கெட்டுவிடும், வேற்று மனிதர்களின் நடமாட்டம் அதிகமாகும், சொத்தின் மதிப்பு குறையும், ஆகவே அனுமதி தரக்கூடாது. பதினேழு கையெழுத்துகளில் என்னுடையது மூன்றாவது. கையெழுத்து மட்டுமா போட்டேன்? கடிதத்தின் இங்கிலீஷில் இருந்த ஒரு பிழையையும் திருத்திக் கொடுத்தேன். பாங்க் புத்தி.

செக்ரெடரி போன பிறகு என் மனைவி சொன்னாள்: "அவர் கொண்டுவந்த தேங்காயை இன்னும் உடைக்கக்கூட இல்லை. அதுக்குள்ள கையெழுத்தா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இன்னொன்றும் உண்மை. அவளுக்கு இருபது வருஷமாக மூச்சிரைப்பு. எங்கள் படுக்கை அறை ஜன்னல் அந்தக் கட்டடத்தைப் பார்த்து இருக்கிறது. நடுவில் ஆறடி சந்து. அங்கே தாளித்தால் இங்கே இருமல். என் பயம் பொய்யில்லை. ஆனால் கடிதத்தில் அந்தப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதியிருந்ததெல்லாம் குடியிருப்பின் தன்மை.

அந்தத் தன்மை என்ன என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். 1896-ல் பம்பாயில் பிளேகு வந்தது. நெருக்கடியைக் குறைக்க 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகலமான தெருவும் தோட்டமும் காற்றோட்டமுமாக மனைகள் போட்டது அந்த டிரஸ்ட். பிறகு நம்மவர்கள் வந்தார்கள். என் தகப்பனார் 1941-ல் பாலக்காட்டிலிருந்து ஷார்ட்ஹாண்ட், டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டோடு வந்து இறங்கினார். ஒரு அறையில் நாலு பேர். சாப்பாடு, இரண்டு தெரு தள்ளி ஒரு பாலக்காட்டு மாமி ஆத்தில். கணவரை இழந்தவர். இருபது பேருக்குக் காலையும் மாலையும் இலை போட்டார். அந்த மாமி யாரிடம் லைசென்ஸ் வாங்கினார்? பக்கத்து ஆத்துக்காரர் ஆட்சேபணைக் கடிதம் எழுதியிருந்தால் என் தகப்பனார் எங்கே போயிருப்பார்?

மாட்டுங்கா என்றால் இன்று ஊரே சொல்வது என்ன? ரூயா கல்லூரிப் பக்கத்தில் 1937-ல் தொடங்கிய மணீஸ் லஞ்ச் ஹோம், 1940-ல் வந்த கஃபே மெட்ராஸ், ஸ்டேஷன் அருகே 1942-ல் ராமா நாயக் ஆரம்பித்த ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். சாப்பாட்டுக் கடைகளால் பெயர் பெற்ற பேட்டையில் குடியிருந்துகொண்டு, சாப்பாட்டுக் கடை வந்தால் தன்மை கெடும் என்று எழுதினோம். இது தவிர, மாடி மாடியாக டியூஷன், பாட்டு கிளாஸ், அப்பளம், வடாம், தையல். எங்கள் செக்ரெடரி வீட்டிலேயே சாயங்காலம் முப்பது குழந்தைகள் கணக்கு படித்தார்கள். அவர்கள் செருப்பெல்லாம் மாடிப்படியில்தான்!

மறுநாள் செம்பூரில் இருக்கும் என் மைத்துனரைப் பார்க்கப் போனேன். வக்கீல். அவர் சிரித்துவிட்டு ஒரு கேஸ் சொன்னார். உடுப்பியில் நடந்தது. நமக்கெல்லாம் இட்லியும் காப்பியும் போட்ட ஹோட்டல்காரர்களின் ஊரிலேயே இப்படி ஒரு வழக்கு!

அங்கே மாருதி வீதி என்று ஒன்று. நகர அமைப்புத் திட்டப்படி அது குடியிருப்புப் பகுதி. ஒருவர் அங்கே கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்ட முனிசிபாலிட்டியில் அனுமதி வாங்கினார். கல்யாண மண்டபம் என்றால் யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? பிறகு அதையே சினிமா தியேட்டராக மாற்றக் கேட்டார். முனிசிபாலிட்டி தீர்மானம் போட்டுச் சரி என்றது. அந்தத் தெருவாசி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். சட்டப் புத்தகங்களில் ராமதாஸ் ஷெணாய் வழக்கு என்று இருக்கிறது. ஹைகோர்ட் என்ன சொல்லிற்று தெரியுமா? திட்டப்படி அங்கே தியேட்டர் வரக்கூடாதுதான், ஆனால் பாவம், பணம் செலவழித்துவிட்டார், தலையிட வேண்டாம் என்று விட்டுவிட்டது. 1974-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. பணம் செலவானது ஒரு காரணமே இல்லை, முனிசிபாலிட்டிக்கு இல்லாத அதிகாரத்தை அது எடுத்துக்கொண்டிருக்கிறது, சட்டத்துக்குப் புறம்பான தியேட்டர் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் சொத்து அனுபோகத்தைப் பாதிக்கிறது, ஆகவே கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு.

அதற்குப் பிறகு 1991-ல் பெங்களூர் வழக்கு. சதாசிவநகரில் பார்க்குக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் டிரஸ்டுக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நல்ல காரியம்தானே என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டில் எடுபடவில்லை. தெருவாசிகள் ஜெயித்தார்கள்.

"அப்போ நாங்களும் ஜெயிச்சுடுவோம்னு சொல்றேளா?" என்று கேட்டேன்.

"உங்க லெட்டரை வெச்சுண்டா? மாட்டேள்" என்றார் மைத்துனர். "உடுப்பிக்காரர் திட்டத்தில் இருக்கிற விதியைக் காட்டினார். நீங்க காட்டறது வெறும் மனஸ்தாபம்."

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பைக்குப் பொருந்தும். சென்னை, டெல்லி, பெங்களூர் அன்பர்கள் அங்கங்கே விசாரித்துக்கொள்ளவும். குடியிருப்பு மண்டலம் என்றால் வியாபாரமே கூடாது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. அன்று அமலில் இருந்த 1991-ஆம் வருஷத்து வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் வசிப்பிடம் மட்டுமான ஆர்-1, கடை வரிசையோடு சேர்ந்த ஆர்-2 என்று பிரிவு உண்டு. ஆர்-1-லும் வீட்டுத் தொழிலுக்கும், டாக்டரின் கிளினிக்குக்கும் இடம் இருந்தது. 2018-ல் புது விதிகள் வந்துவிட்டன. எதுவானாலும், பலருக்குச் சமைத்து விற்கும் இடம் என்றால் 1888-ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டத்தின் 394-ஆம் பிரிவில் சுகாதார அதிகாரியின் லைசென்ஸ் வேண்டும். தீயணைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவோ லைசென்ஸோ வேண்டும். சத்தத்துக்கு 2000-ஆம் வருஷத்து விதி: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெஸிபல், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45. அனுமதிக் கோப்பில் என்ன இருக்கிறது என்று தகவல் அறியும் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மைத்துனர் கடைசியில் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "கோர்ட்டு செலவை மதிக்காது, சரி. ஆனா அந்த மனுஷனுக்கு அது செலவுதானே? கொத்தனார் இடிக்கறதுக்கு முன்னால போய்ப் பேசுங்கோ."

போனேன். அவர் வெறும் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. மாட்டுங்காவில் எது தங்கும்? அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானே சொன்னேன். "தெரியும் அண்ணா" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எக்ஸாஸ்ட் எங்கே வைக்கப் போகிறீர்கள்? சந்துப் பக்கம். அதாவது எங்கள் ஜன்னலுக்கு நேரே. கிரைண்டர் எத்தனை மணிக்கு ஓடும்? முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு. எண்ணெய்ப் பிசுக்குள்ள கழுநீர்? கட்டடத்தின் பழைய சாக்கடைக் குழாயில். டெம்போ எங்கே நிற்கும்? தெருவில். சிலிண்டர்? எட்டு, மாடிப்படிக்குக் கீழே.

நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். வியாபார சிலிண்டர் ஒன்றில் 19 கிலோ. எட்டுக்கு 152. தனி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 100 கிலோ வரைதான், அதாவது ஐந்து. அந்தக் கட்டடத்துக்கு ஏற இறங்க ஒரே மாடிப்படி. மூன்றாவது மாடியில் எண்பத்தாறு வயது மாமி ஒருத்தர். அப்போது குர்லாவில் அந்த விபத்து நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2015 அக்டோபர் 16, ஒரு சின்ன ஹோட்டலில் கேஸ் கசிந்து தீப்பிடித்து எட்டு பேர் போனார்கள். மத்தியானம் சாப்பிட வந்த காலேஜ் பிள்ளைகள் அதில் அநேகம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். மாடிப்படிக்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "கான்ட்ராக்டர் இதெல்லாம் ஒண்ணும் சொல்லலையே அண்ணா" என்றார். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவர். கேஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். ஆனால் கல்யாண மண்டபத்தில் சிலிண்டர் வெளி முற்றத்தில் இருக்கும். இங்கே முற்றம் இல்லை.

மறுநாள் செக்ரெடரியிடம் போய் என் கையெழுத்தை வாபஸ் வாங்கினேன். அதற்குப் பதில் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புகை, சிலிண்டர், கழுநீர், காலை ஆறு மணிக்கு முன் சத்தம் ஆகிய நான்கு விஷயம்தான். இவை சரியானால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றும் எழுதினேன். நகலைச் சமையல்காரர் கையிலேயே கொடுத்தேன். செக்ரெடரி என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. அது பெரிய நஷ்டமில்லை.

சரிபண்ண முடிந்ததா? முடியவில்லை. புகைபோக்கியை மொட்டை மாடி வரை ஏற்ற மேல்வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. சிலிண்டருக்கு வேறு இடம் இல்லை. இரண்டு மாதம் அலைந்துவிட்டு அவர் வடாலா பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இடம் பிடித்தார். டாக்டர் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. வாடகை அங்கே அதிகம். காலை மூன்று மணிக்கு இப்போதும் அலைகிறார். அவர் அலையாமல் இருக்கத்தான் அந்த வீட்டை எடுத்தார்.

நான் கேட்டது நியாயமான கேள்விதான் என்று இன்றும் நினைக்கிறேன். என் மனைவி அந்த ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாள். ஆனால் அந்தக் கேள்விகளை அவர் நமஸ்காரம் பண்ணிய சாயங்காலமே, காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். ஆசீர்வாதத்துக்கும் ஆட்சேபணைக்கும் நடுவே எனக்கு நாலு நாள் இருந்தது. அவர் அட்வான்ஸின் பெரும் பகுதியைக் கொடுத்தது அந்த நாலு நாளில்தான் என்று பிறகு தெரிந்தது.

போன வருஷம் பேரனின் பூணூலுக்கு அவரைத்தான் கூப்பிட்டோம். வந்தார். சமையல் பிரமாதம், பழைய கைதான். புறப்படும்போது கணக்குச் சீட்டைக் கொடுத்தார். நியாயமான தொகை, ஒரு ரூபாய் அதிகமில்லை. என் மனைவியிடம், "மன்னி, உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்றார்.

என்னிடம், "வரேன் ஸார்" என்றார்.