காப்புறுதிக் கட்டணமும் கணக்குக் கேட்கும் உரிமையும்

களுபோவிலயில் நான் குடியிருக்கும் ஒழுங்கையில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றை வைத்துப் பிழைக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு முன்னரே வீடு வீடாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் புறப்பட்டுவிடுவார். சில நாட்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் அவர் கையில் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். அவருடைய வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டுமென்று நிறுவனம் அனுப்பியிருந்த கடிதம் அது. எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டியதில்லை.

"ஐயா, பத்து வருஷமாக என் வானில் ஒரு கீறல் விழவில்லை. ஒரு சதம் நட்டஈடு நான் கேட்டதில்லை. வானுக்கும் வயது போகிறது. அப்படியிருக்க, கட்டணம் மட்டும் ஏன் ஐயா ஏறிக்கொண்டே போகிறது?" என்று கேட்டார்.

நேர்மையான கேள்வி. இதே கேள்வியை இன்று முச்சக்கர வண்டிக்காரரும் கேட்கிறார். கொட்டாஞ்சேனையில் லொறி வைத்திருக்கும் வியாபாரியும் கேட்கிறார். அரசாங்கத்துக்குச் சொந்தமான காப்புறுதி நிறுவனம் கட்டணத்தைக் கூட்டும்போது கேள்வியில் மனத்தாங்கலும் சேர்ந்துகொள்கிறது. தனியார் கம்பனி இலாபம் தேடுகிறது என்று சொல்லி ஆறிவிடலாம். நம்முடைய பணத்தில் நமக்காகவே நடக்கும் ஒரு நிறுவனம் நம்மிடம் ஏன் கூடக் கேட்கிறது? இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

காப்புறுதி என்பது நமக்குப் புதிய சங்கதியன்று. எங்கள் அயலில் மரண உதவிச் சங்கம் ஒன்று இருக்கிறது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் அங்கத்தவர்கள். மாதந்தோறும் சிறு தொகை கட்டுகிறோம். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், பந்தலும் நாற்காலிகளும் செலவுக்குப் பணமும் அந்த வீட்டுக்குப் போகின்றன. வருஷக்கணக்காகக் கட்டியும் எதையும் பெறாத வீடுகள் உண்டு. அவர்கள் ஏமாந்துவிட்டதாக எண்ணுவதில்லை. துக்கம் வராததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். வாகனக் காப்புறுதியின் அடிப்படையும் இதுவே. என் நண்பர் பத்து வருஷமாகக் கட்டிய பணம் வேறு யாரோ ஒருவருடைய விபத்துக்கு உதவியிருக்கிறது.

கட்டணம் எவ்வாறு அமைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஆயிரம் வான்கள் ஒரு பொது நிதியில் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒரு வருஷத்தில் அவற்றுள் 50 வான்கள் விபத்துக்குள்ளாகின்றன; ஒவ்வொன்றையும் பழுதுபார்க்க ஓர் இலட்சம் ரூபாய் வேண்டும். மொத்தம் 50 இலட்சம். ஆயிரம் பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 5,000 ரூபாய். நிர்வாகச் செலவும் வரியும் இதற்கு மேல். இனி, விபத்துகளின் தொகை கூடவேயில்லை; பழுதுபார்க்கும் செலவு மாத்திரம் இரண்டு இலட்சமாகிவிட்டது என்று வையுங்கள். அப்பொழுது தலைக்கு 10,000 ரூபாய். யாரும் கவனயீனமாக வாகனம் ஓட்டவில்லை. ஆயினும் கட்டணம் இரட்டித்துவிட்டது.

இலங்கையில் அண்மை ஆண்டுகளில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வாகனம் வராதபடியால் பழைய வாகனங்களின் விலை ஏறிற்று. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணய மதிப்பு, சில மாதங்களுள் 360 ரூபாய் வரை வீழ்ந்தது. முன்விளக்கும் கண்ணாடியும் கதவும் கடல் கடந்து வருபவை. அவற்றின் விலையும் கூடவே ஏறிற்று. அதே 2022 இல் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. ஆகவே, வானுக்கு வயது போயினும் அதன் விலை குறையவில்லை. அதைத் திருத்தும் செலவும் குறையவில்லை. இந்த அளவுக்கு, கட்டண உயர்வில் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், எந்த அளவுக்கு? இந்த உயர்வில் உதிரிப்பாகங்களுக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, வீண்செலவுக்கு எவ்வளவு? என் நண்பருக்கு வந்த கடிதத்தில் தொகை இருந்தது, காரணம் இல்லை. அவருடைய மனத்தாங்கல் பிறந்த இடம் இதுவேயாகும்.

நம் நாட்டில் அரசாங்கம் காப்புறுதித் தொழிலில் இறங்கிய வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1961 ஆம் ஆண்டின் சட்டத்தினால் இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அதனை முன்னின்று நிறைவேற்றியவர் அந்நாளில் வர்த்தக அமைச்சராயிருந்த திரு. ரீ. பி. இலங்கரத்ன அவர்கள். 1962 ஜனவரி முதல் ஆயுட் காப்புறுதியும், 1964 ஜனவரி முதல் வாகனம் உள்ளிட்ட பொதுக் காப்புறுதியும் அரசின் தனியுரிமையாயின. அதுவரை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகளின் கையில் இருந்த தொழில் மக்களுக்குச் சொந்தமாக வேண்டும் என்பதே நோக்கம். 1988 இல் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. 2003 இல் அரசு தன் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றது. 2009 இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையை இரத்துச் செய்து, நிறுவனத்தை மீண்டும் அரசிடமே ஒப்படைத்தது. உடைமை கைமாறி மீண்ட இந்த நீண்ட காலத்தில், கட்டணம் கட்டும் மனிதருக்குக் கணக்குக் காட்டும் வழக்கம் மட்டும் வேரூன்றவில்லை.

பிற நாட்டு அனுபவமும் இங்கே உதவும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கார்களுக்குரிய அடிப்படைக் காப்புறுதியை 1974 முதல் மாகாண அரசின் கூட்டுத்தாபனமே வழங்கி வருகிறது. தொடக்கத்தில் கட்டணம் குறைவாகவே வைக்கப்பட்டது, பற்றாக்குறை வளர்ந்தது. 1976 இல் புதிய அரசு கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியபோது மக்கள் கொதித்தெழுந்தனர். கட்ட இயலாதவர்கள் காரை விற்றுவிடலாம் என்ற பொருள்பட அதற்குப் பொறுப்பான அமைச்சர் பேசியது எரியும் தீயில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. பின்னொரு காலத்தில், கூட்டுத்தாபனத்தில் மிஞ்சியிருந்த பணத்தின் ஒரு பகுதியை மாகாண அரசு தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டது. அடுத்து நட்டஈட்டு வழக்குகள் பெருகின. 2017-18 ஆம் நிதியாண்டில் நட்டம் ஏறத்தாழ 130 கோடி டொலரை எட்டியது. 2021 மே மாதம் முதல், காயமுற்றோர் வழக்காடுவதைப் பெரிதும் நிறுத்தி, சிகிச்சையையும் வருமான உதவியையும் நேரே வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. கட்டணம் குறைந்தது, வழக்காடும் உரிமை போயிற்றே என்ற குறையும் எழுந்தது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? மக்களின் நல்லெண்ணத்தைப் பெறக் கட்டணத்தைச் செயற்கையாகத் தாழ்த்தி வைத்தால் பின்னர் அது வட்டியோடு திரும்பும். பொது நிதியில் அரசு கைவைத்தால் அதுவும் திரும்பும். ஆயினும் அந்த மாகாணத்தில் பின்பற்றத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அடிப்படைக் கட்டணத்தை மாற்ற வேண்டுமாயின், கூட்டுத்தாபனம் ஒரு சுயாதீன ஆணைக்குழுவின் முன் கணக்கை வைத்து விளக்க வேண்டும். பொதுமக்கள் தம் கருத்தைக் கூறலாம். நம் நாட்டிலும் மின்சாரக் கட்டணம் பற்றிப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறதல்லவா? மின்சாரத்துக்கு ஆகுமென்றால், சட்டப்படி ஒவ்வொரு வாகனக்காரரும் வாங்கியே தீரவேண்டிய காப்புறுதிக்கு ஏன் ஆகாது?

சட்டப்படி வாங்க வேண்டியது என்று சொன்னேன். 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இன்றி எந்த வாகனமும் வீதியில் செல்லக்கூடாது. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கும் அது வேண்டும். இந்த விதி வாகனக்காரரைக் காக்க எழுந்ததன்று. வீதியில் நடந்துபோகிறவரைக் காக்க எழுந்தது. களுபோவில வைத்தியசாலைக்கு அருகே வசிக்கும் எங்களுக்கு அம்புலன்ஸ் வண்டியின் ஓசை பழகிப்போன ஒன்று. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரம் பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். காயமுற்றவருக்கு அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால், கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையிலிருக்கும் கூலித்தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிய வழி என்ன? கட்டணம் தாங்க முடியாமற்போய் ஒருவர் காப்புறுதியைப் புதுப்பிக்காது விட்டால், முதலில் வழியின்றி நிற்பது அந்தத் தொழிலாளியின் குடும்பம்.

ஆகவேதான் நான் என் நண்பரிடம் மூன்று விஷயங்களைச் சொன்னேன். முதலாவது, கோபத்தில் காப்புறுதியைக் காலாவதியாக விடவேண்டாம். இரண்டாவது, கட்டணத்தைக் குறைப்பதற்காக வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துக் காட்ட வேண்டாம். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்கு நட்டத்தின் பாதியே கிடைக்கும்படி அமைந்த ஒப்பந்தங்கள் பல உண்டு. மூன்றாவது, விபத்தில்லாத ஆண்டுகளுக்குரிய கழிவு முழுமையாகத் தரப்பட்டிருக்கிறதா, பெறுமதி எவ்வாறு கணிக்கப்பட்டது, வரி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள் என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "போன வருஷம் எங்கள் மரண உதவிச் சங்கத்திலும் சந்தாவைக் கூட்டினார்கள், ஐயா. தனாதிகாரி எழுந்து கணக்கு வாசித்தார். பந்தல் கூலி இவ்வளவு, பெட்டி விலை இவ்வளவு என்று சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. இவர்களும் அப்படி வாசித்தால் நான் ஏன் கோபிக்கப் போகிறேன்?"

நேயர்களே, நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பொது நிதிக்குப் பணம் தருகிறவர் அளந்து தருகிறார். பெற்றுக்கொள்கிறவரும் அளந்து காட்ட வேண்டும். அரசாங்க நிறுவனம் என்றால் அதன் பங்காளிகள் நாமே. பங்காளி கேட்பது சலுகையன்று, கணக்கு. அந்தக் கணக்கு சபையில் வாசிக்கப்படும் நாளில், கூடுதலான கட்டணத்தையும் மனமுவந்து கட்ட என் நண்பரைப் போன்றவர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.